தினமும் பார்

பிப்ரவரி 16

தங்கைக்கு,

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய அன்று, இனிமேல் உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். வாரத்துக்கு மூன்று முறை போன் அடிக்கிறது. நீதான் என்று தெரியும். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் கடிதம் எழுதமாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு "அண்ணன் இறங்கி வந்துட்டான்" என்று உன் மகளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

விஷயம் உன் செடிகள். பதினோரு வருடம் இந்த வீட்டில் என்னோடு இருந்துவிட்டு, மகள் கூப்பிட்டாள் என்று கடல் தாண்டிப் போனாய். போகிறவள் பதினான்கு தொட்டிகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டும் ஒட்டினாய். "தண்ணீர்: தினமும் வார்." ஊற்று என்று எழுதினால் போதாதா? டீச்சராக இருந்த பெருமை விடுமா? வார் என்று இலக்கணமாக எழுதிவிட்டாய். பரவாயில்லை, எனக்கும் தமிழ் புரியும். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் காலை ஆறு மணிக்குப் பதினான்கு தொட்டிக்கும் வார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு வார்த்தேன்.

அதற்குக் கிடைத்த கூலி ஈ. கடுகில் பாதி இருக்கும். கறுப்பு. கொசுவைப் போலக் கால், ஆனால் கடிப்பதில்லை. தொட்டியை அசைத்தால் மண்ணிலிருந்து புகை மாதிரி கிளம்புகிறது. டீயில் விழுகிறது. மூக்குக்குள் போகிறது. பேப்பர் படிக்க உட்கார்ந்தால் எழுத்துக்கு நடுவே வந்து உட்காருகிறது, தட்டினால் அங்கே இல்லை. கீழ் வீட்டுத் தையல்காரம்மா இதற்குப் பொடி ஈ என்று பெயர் சொன்னாள். பெயரிலேயே உன் சொந்தம் தெரிகிறது.

எனக்குப் பயம் ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு தொங்க வேலை பார்த்தவன் ஈக்குப் பயப்படுவேனா? ஆனால் ஆளில்லாத வீட்டில் எப்போதும் எதுவோ அசைந்துகொண்டே இருப்பது நன்றாக இல்லை. நாற்காலியில் முதுகைச் சாய்க்க முடியவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் வழி சொல்லி எழுது. இல்லாவிட்டால் பதினான்கும் தெருவுக்குப் போகும்.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

தபால்காரரிடம் வாங்கி, வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். சிரிக்கவில்லை. மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன். "தங்கைக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாயே, அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. அறுபத்தாறு வயதுக் கிழவியைப் பொடிசு என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அவனும் கோபித்துக்கொண்டு தங்கை என்கிறான்.

முதலில் ஒன்று. நான் எழுதியது வார் இல்லை அண்ணா, பார். தண்ணீர்: தினமும் பார். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று என்று அர்த்தம். நீ ஐந்து மாதமாகத் தினமும் ஊற்றியிருக்கிறாய். நம் வீட்டில் வார் என்று யார் பேசியிருக்கிறார்கள், சொல்லு? மண் சேறாகி வேர் அழுகினால் அந்த ஈ வரும். முட்டை இடுவது மண்ணின் மேல்பக்கத்தில். புழு தின்பது அழுகலை. மேல்மண் காய்ந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை.

ஆகவே இரண்டு வாரம் ஒரு சொட்டு ஊற்றாதே. செடி வாடும், வாடட்டும், சாகாது. செடிக் கடையில் மஞ்சள் அட்டை விற்பார்கள், இரண்டு பக்கமும் பசை. மஞ்சளைப் பார்த்தால் அந்த ஈ பித்துப் பிடித்துப் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு ஒன்று செருகு. உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மண் மேல் வைத்து, நாலு நாள் கழித்துத் திருப்பிப் பார்: அடியில் வெள்ளையாக, கறுப்புத் தலையோடு நெளிந்தால் புழு இன்னும் இருக்கிறது. இல்லையென்றால் ஒழிந்தது. அதன்பின் மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல் போட்டுவிடு. தண்ணீர் வேண்டுமானால் அடித்தட்டில் ஊற்று, வேர் தானே உறிஞ்சும்.

நான் கிளம்பிய அன்று பேசியதற்கும் பதில் எழுதலாம். "தனியா கிடந்து விழுந்தா யாருக்குத் தெரியும்"னு சொன்னது என் பயத்தில் சொன்னது. உன்னால் முடியாது என்று சொன்னதில்லை. நீதான் அப்படிக் காதில் வாங்கினாய். என் மகள், உன் மருமகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள், ஆனாலும் மாடியறையை ஒழித்து வைத்திருக்கிறாள். மாமா வந்தால் அங்கே இருக்கட்டும் என்று. அறை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனை ஒரு தடவை எடு அண்ணா.

பொடிசு


மார்ச் 21

தங்கைக்கு,

கண் முன்னால் ஒட்டியிருக்கிற சீட்டை எனக்குப் படிக்கத் தெரியாது என்கிறாய். மறுபடியும் போய் நின்று பார்த்தேன். வார். வளைவுக்குள் சுழி தெளிவாக இருக்கிறது. பதினோரு வயதில் நான் லிஃப்ட் பட்டறைக்குப் போனதால்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் லிஃப்ட் கதவுப் பலகை. "கையை வைக்காதீர்", "ஆறு பேர் மட்டும்." அதைப் பார்த்தே படித்து, பேப்பர் படித்து, மோட்டார் புத்தகமும் படித்தேன். எனக்கு ப வேறு வ வேறு என்று தெரியும். நீ தவறாக எழுதிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறாய். டீச்சர்கள் தப்பை ஒத்துக்கொள்வதில்லை.

வேலையைப் பொறுத்தவரை, நீ சொன்னபடி செய்தேன். யார் சொன்னாலும் வேலை வேலைதான். தண்ணீர் நிறுத்தினேன். அட்டை வாங்கிச் செருகினேன். லிஃப்ட்டுக்கு வைத்திருப்பதுபோல ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் நாள் பதினான்கு அட்டையிலும் சேர்த்து அறுபத்தொன்று. மூன்றாம் நாள் இருபத்துமூன்று. ஆறாம் நாள் நாலு. உருளைக்கிழங்கைத் திருப்பினால் முதல் தடவை அடியில் நெளிந்தது, என் முதுகுத்தண்டே கூசியது. இரண்டாம் தடவை சுத்தம். மணலும் போட்டாயிற்று. எட்டாம் நாளிலிருந்து அட்டையில் புதிதாக ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஈ போகவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவை தொட்டியை விட்டுவிட்டன. இப்போது என்னோடு வருகின்றன. குளியலறைக்கு வருகின்றன. மாடிப்படியில் வருகின்றன. நேற்று பஸ் நிறுத்தத்தில் வானத்தைப் பார்த்தேன், அங்கேயும் நாலைந்து. பஞ்சு மாதிரி ஒன்று, நூல் மாதிரி ஒன்று, மற்றவை புள்ளி.

தையல்காரம்மா சட்டை கொடுக்க மேலே வந்தாள். "இதோ பாரு, உன் தோள்பக்கம் போகுது" என்றேன். "எங்கண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள். ஊசி கோத்துக் கோத்து அவளுக்குக் கண் போய்விட்டது போலிருக்கிறது.

வேறு மருந்து ஏதாவது உண்டா, எழுது. அட்டையில் ஒட்டாத ஜாதி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து எழுது.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

கோபப்படாமல் படி. படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உன் கடிதத்தில் வரிகள் போகப்போகக் கீழே சரிகின்றன. இரண்டு இடத்தில் எழுத்து மேலேயே எழுத்து எழுதியிருக்கிறாய். ரூல் போட்ட மாதிரி எழுதுகிறவன் நீ.

அட்டையில் ஒட்டாத ஜாதி கிடையாது. இங்கே செடிக் கடையில் மூன்று பேரைக் கேட்டேன். அட்டை சுத்தமாக இருந்தால் ஈ இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

சரியாகச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அடுப்பை மறந்துபோய் எரிய விட்டது உண்டா? யாராவது கூப்பிடுவதுபோலக் கேட்கிறதா? ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி எழுதிவிடாதே. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நான் அப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன், கடைசி ஆறு மாதம் நீ ஒருத்தன்தான் பார்த்தாய். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றாராமே, நீதானே சொன்னாய். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஒரு டாக்டரிடம் போ அண்ணா. தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. தலைக்குப் பார்க்கிற டாக்டர். அங்கே நான் இல்லையே என்றுதான் இருக்கிறது. இங்கே ஜன்னலில் ஒரே ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். தினம் காலையில் அதைப் பார்க்கும்போது, அதைச் சுற்றி ஏதாவது பறக்கக் கூடாதா என்று நினைக்கிறேன். இந்தச் சனியன் ஊரெல்லாம் இருக்கிறது, உன் வீட்டில் மட்டுமில்லை என்று எழுதலாமே என்று.

பறக்கவில்லை.

பொடிசு


ஏப்ரல் 8

தங்கைக்கு,

விஷயம் எங்கே வந்து நிற்கவேண்டும் என்று நினைத்தாயோ அங்கே வந்து நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, கூட்டிக்கொண்டு போய் மாடியறையில் வைத்துப் பூட்டலாம். அறைதான் காத்திருக்கிறதே.

கோபம் இவ்வளவுதான். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். தாள் வீண்.

அப்பாவைப் பற்றி நான் உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. எறும்பு ஊர்கிறது என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து என் உள்ளங்கையில் வைப்பார். "புடிச்சுக்கடா, நழுவுது" என்பார். நான் கையை மூடிக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு வருவேன். மறுபடி ஒன்று. ஒரு நாள் கோபத்தில் "ஒண்ணும் இல்லப்பா, கை காலியாத்தான் இருக்கு" என்று விரித்துக் காட்டிவிட்டேன். என் முகத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, எறும்பு போய்விட்டதே என்ற பார்வை இல்லை அது. நான் அவரை விட்டுவிட்டேன் என்ற பார்வை.

என் கையை விரிக்க இங்கே யாரும் இல்லை. அது நல்லது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

நான் என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மாடி லிஃப்ட்டின் வயரிங்கைத் தாளில் வரைந்தேன், ஒரு கம்பி தப்பவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வந்துபோன மேஸ்திரிகள் பெயரெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அடுப்பை அணைக்கிறேன். அப்பாவும் தன் மாட்டு வண்டிக் கணக்கையெல்லாம் கடைசி வரை சரியாகத்தான் சொன்னார் என்பது பிறகு ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் எங்கோ ஒரு லூஸ் கான்டாக்ட். அறை கொஞ்சம் இருட்டாக இருந்தால், தலையைத் திருப்பும்போது வலது ஓரத்தில் பளிச்சென்று ஒரு பொறி. வயர் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால் வருமே, அதே நீலம். மூன்று நாளாக எல்லா சுவிட்சுப் பெட்டியையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். பல்பு ஹோல்டர் எல்லாம் புதிது போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மெயினையே அணைத்துவிட்டு நின்று தலையைத் திருப்பினேன்.

பொறி வந்தது. மின்சாரமே இல்லாத வீட்டில்.

கொஞ்ச நேரம் சுவிட்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலையில் எனக்குப் புரியாத பழுது என்று ஒன்று இருந்ததில்லை. எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும், காதை வைத்துக் கேட்டாவது கண்டுபிடித்துவிடுவேன்.

தையல்காரம்மாவிடம் எதையும் சொல்லாதே. தலைக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகமாட்டேன். அவர் கையை விரித்துக் காட்டுவார்.

செடிகள் நன்றாக இருக்கின்றன. உன் ரப்பர் செடி புது இலை விட்டிருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 16, பிற்பகல்

அண்ணா, அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாளாவது ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஒன்று நல்லபடியாக, அல்லது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் உட்கார முடியவில்லை. போன் பக்கத்திலேயே இருக்கிறது.

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. உன் மருமகளுக்கு விடுமுறை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். அப்பா விஷயம் வந்தபோது அவளே வாங்கி மீதியைப் படித்தாள். பொறி என்ற இடத்தில் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். கத்தி கையிலேயே இருக்கிறது.

"அம்மா, இது கிறுக்கு இல்லம்மா. கண்ணு."

"என்னடி சொல்றே?"

"எங்க கடைக்கு வயசானவங்க வந்து இப்படியே சொல்வாங்க. ஈ பறக்குது, நூல் தொங்குதுன்னு. அது சும்மாவும் வரும். ஆனா ஓரத்துல மின்னுதுன்னு சொன்னா நாங்க கண்ணாடியே காட்டமாட்டோம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். உள்ளே பின்பக்கச் சவ்வு கிழிஞ்சு உரிஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம். விட்டா பார்வை போயிடும். மாமாவை முதல்ல ஒத்தைக் கண்ணை மூடிப் பாக்கச் சொல்லும்மா. புத்தி கெட்டா ரெண்டு கண்ணுக்கும்தானே கெடும்? ஒரு கண்ணை மூடுனா ஈ போயிடுதான்னு பாக்கச் சொல்லு!"

உனக்கு இருபத்திரண்டு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் வாக்கு இருக்கிறதே, இரும்பு. பழைய நோட்டில் தேடித் தையல்காரம்மா நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். மிஷின் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மிஷின் நின்றுவிட்டது.

"சொல்லிடுறேங்க்கா. ஆனா அண்ணன் கதவைத் தொறக்கணுமே. ரெண்டு நாளா தட்டுறேன். உள்ள நடக்குற சத்தம் கேக்குது, தொறக்க மாட்டேங்கிறாரு. நடையும் ஒரு மாதிரி இருக்கு, சுவத்துல இடிச்சு இடிச்சு."

மறுபடி போய்த் தட்டிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

தலைக்கு டாக்டரைப் பார் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது. கிறுக்கு என்று நினைத்துவிட்டேன் அண்ணா. நீ பார்த்ததை எல்லாம் சரியாகத்தான் எழுதினாய். எந்தப் பக்கம், எப்போது, என்ன நிறம் என்று. நான்தான் படிக்கத் தெரியாமல் படித்தேன்.

இந்தக் கடிதத்தை நீயே படிக்கிறாயா? இல்லை, யாராவது படித்துக் காட்டுகிறார்களா?

பொடிசு


ஏப்ரல் 27

பொடிசுக்கு,

நானே படித்தேன். இடது கண்ணால்.

வலது கண் கட்டியிருக்கிறது. உள்ளே காற்றுக் குமிழி ஒன்றை விட்டிருக்கிறார்கள். உரிந்துவந்த சவ்வை அந்தக் குமிழிதான் பின்பக்கம் அழுத்தி ஒட்டவைக்க வேண்டுமாம். குமிழி மேலே போகிற பொருள். அது பின்பக்கம் போக வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஆகவே மூன்று வாரம் தலை குனிந்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது, நடக்கும்போது, தூங்கும்போது. எந்த மேஸ்திரிக்கும் எந்த முதலாளிக்கும் தலை குனியாதவன் என்று பெயர் எடுத்தேன். இப்போது தரையில் எத்தனை ஓடு என்று கேள், சொல்கிறேன். எழுதலாமா என்று டாக்டரைக் கேட்டேன். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றார். எழுதினால்தான் குனிவேன் என்றேன். ஒரு நாளைக்கு அரைப்பக்கம் என்று ஒத்துக்கொண்டார். இது மூன்று நாளாக எழுதுகிற கடிதம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வேறு யாராவது ஜோடித்துச் சொல்வதற்குள்.

பதினான்காம் தேதி காலையில் மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்பு வந்தது. லிஃப்ட்டின் மடக்குக் கதவு மாதிரி, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதுதான் அப்பா கடைசியில் போன இடம், ஒவ்வொரு விளக்காக அணைகிறது என்று நினைத்தேன். ஜன்னல் வரைக்கும் போய், கையை மூடி, வெளியே விரித்து, திரும்பி வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே.

பதினாறாம் தேதி தையல்காரம்மா வந்து கதவில் வாயை வைத்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, தொறக்க வேணாம். காதை மட்டும் குடுங்க. உங்க தங்கச்சி ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க."

"அவ குரலே எனக்கு வேணாம், போ."

"அவங்க குரல்ல இல்லண்ணே. என் குரல்லதான் சொல்றேன்."

அவளுக்கு இவ்வளவு சட்டம் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"ஒத்தைக் கண்ணை மூடிப் பாப்பீங்களாம். ஒரு கண்ணை மூடுனா ஈ போயிடுச்சுன்னா அது கண்ணுல இருக்காம். தலையில இல்லையாம்."

வலது கண்ணைப் பொத்தினேன். சுவர் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு நூல் இல்லை. கறுப்புக் கதவும் இல்லை. கையை எடுத்தேன், எல்லாம் வந்தது. பொத்தினேன், போயிற்று. நாலு தடவை செய்தேன். பழுது எங்கே என்று பிடிபட்டுவிட்டால் உடம்பெல்லாம் லேசாகிவிடும், அது லிஃப்ட் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே, அழுவுறீங்களா சிரிக்கிறீங்களா?"

"உனக்கெதுக்கு?" என்று கதவைத் திறந்தேன். "சரி, நாளைக்குப் போய்க் காட்டலாம். இப்ப டீ குடிக்கலாம்" என்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு, கிறுக்கு இல்லை என்று.

"நாளைக்கு இல்லண்ணே, இப்ப. செருப்பைப் போடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே வந்தாள். போனை மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்தாளாம். நீ அடித்தது அங்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண்தான். விளக்கை வைத்துப் பார்த்தாள். அவளோடு பெரிய டாக்டர் ஒருவர் வந்து அவரும் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு? ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று அதட்டினார்.

"செடிக்கு மருந்து போட்டுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மறுபடி தலைக்குப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் அறுத்தார்கள்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். நடுப்புள்ளி உரிந்திருக்கிறதாம். பாதி வரலாம், கால்வாசி வரலாம், வராமலும் போகலாம். குமிழி கரைகிறவரை தெரியாது. அந்தக் கட்டை அவிழ்க்கிற நாள் தள்ளிக்கொண்டே போகட்டும் என்று தோன்றுகிறது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். உன் மகளுக்குக்கூடப் படித்துக் காட்டாதே. அவளுக்கு வேறு கடிதம் எழுதுவேன், கண் சரியானதும். சரியாகாவிட்டாலும்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் தையல்காரம்மாவிடம் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டைக் கிழித்துக்கொண்டு வரச் சொன்னேன். தரையில் போட்டு, குனிந்து, இடது கண்ணால் பார்த்தேன். வளைவுக்குள் சுழி இல்லை. நான் பார்த்த சுழி உன் சீட்டில் இருந்ததில்லை, என் கண்ணில் மிதந்தது. ப தான். பார் தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளைவை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டிருந்தால் புள்ளி உட்கார இடம் இருந்திருக்காது என்பதும் உண்மை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது படியில் திரும்பி, "செடிக்குத் தினமும் வார்னு எழுதியிருக்கு, மறந்துடாதே" என்று நான் கத்தியிருக்கிறேன். தையல்காரம்மா சாவி வைத்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் வார்த்திருக்கிறாள், மணலுக்கு மேலேயே, குடம் குடமாக. இந்தப் பக்கத்தை எழுதும்போது தாளில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கறுப்பு, கடுகில் பாதி. வலது கண் கட்டியிருக்கிறது. ஆகவே இது நிஜ ஈ. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, "இது உனக்குத் தெரியுதா?" என்றேன். "தெரியுதுண்ணே, இதோ நடக்குது" என்றாள். அடிக்கப் போனாள். அடிக்காதே என்றேன்.

நீ வரப்போவதாக அவள் சொன்னாள். வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை, குறித்துக்கொள். நான் அங்கே வர முடியாது. குமிழி கரைகிறவரை விமானம் ஏறினால் கண் வெடித்துவிடுமாம். அதன்பிறகு என்ன என்பதை அதன்பிறகு பார்க்கலாம்.

போனைக் கட்டிலுக்குக் கீழே, தரையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குனிந்திருக்கிறவனுக்கு அங்கேதான் கை எட்டும். இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடி. எடுப்பேன். ஆனால் நீ பேசாதே. உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். நான் பேசுகிறேன், நீ கேள். நீ அங்கே இருக்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும், அதற்கு நடுநடுவே இருமினால் போதும். இருமல் குரலில் சேராது.

அண்ணன்